சிவப்பு ஒயின் திராட்சைகள்: எந்த ரகம் எங்கே பழுக்கும், ஏன்?

சிவப்பு ஒயின் ரகங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நேராக வாசனைப் பட்டியலுக்குப் போய்விடுகிறார்கள். செர்ரி, பிளம், புகையிலை, வயலட் பூ என்று நீளும் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு ரகத்தை ஏன் இந்த ஊரில் நடுகிறார்கள், பக்கத்து ஊரில் ஏன் நடுவதில்லை என்று கண்டுபிடிக்க முடியாது. என்னைக் கேட்டால் ஒரு ரகத்தைப் பிடித்துக்கொள்ள இரண்டு கேள்விகள் போதும். அந்தப் பழத்தின் தோல் எப்படிப்பட்டது? அது பழுக்க எவ்வளவு காலம் எடுத்துக்கொள்கிறது? நிறம், துவர்ப்பு, புளிப்பு, வளரும் இடம் எல்லாமே பெரும்பாலும் இந்த இரண்டிலிருந்துதான் கிளம்புகின்றன. அதிலும் இரண்டாவது கேள்விக்குத்தான் கனம் அதிகம்.

முதலில் தோல். ஒயின் செய்யும் கறுப்புத் திராட்சை ஒன்றை உரித்துப் பார்த்தால் உள்ளே சதை வெளிறித்தான் இருக்கும், பிழிந்து வரும் சாறும் கிட்டத்தட்ட நிறமில்லாதது. ஷாம்பெய்ன் வட்டாரத் தோட்டங்களில் பாதிக்கு மேல் பினோ நுவார், மூனியே என்ற இரண்டு கறுப்புத் திராட்சைகள்தான் இருக்கின்றன, ஆனாலும் அங்கே செய்யும் ஒயின் வெளுப்பாக இருக்கிறது, ஏனென்றால் தோலோடு ஊறவிடாமல் உடனே பிழிந்துவிடுகிறார்கள். சிவப்பு ஒயினுக்கு நிறம் தருவது தோலில் இருக்கும் ஆந்தோசயனின் என்ற நிறமி. நொதிக்கும் சாறு தோலோடும் விதையோடும் நாள்கணக்கில், சில இடங்களில் வாரக்கணக்கில் ஊறுகிறது, அப்போதுதான் நிறமும் டானினும் சாற்றில் இறங்குகின்றன. டானின் என்பது வேறொன்றுமில்லை, தேயிலையை அதிக நேரம் ஊறவிட்டுக் குடித்தால் நாக்கிலும் ஈறிலும் ஒரு வறட்சி வந்து ஒட்டிக்கொள்ளுமே, அந்தத் துவர்ப்பு. விதிவிலக்கும் உண்டு. ஜார்ஜியாவின் சபெராவி, பிரான்சில் ஆன்ரி பூஷே என்பவர் 19-ஆம் நூற்றாண்டில் இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கிய அலிகாந்த் பூஷே போன்ற சில ரகங்களுக்குச் சதையே சிவப்பு.

பழம் சிறியதாகவும் தோல் தடிப்பாகவும் இருந்தால் ஒயினில் நிறமும் துவர்ப்பும் கூடும், பழம் பெரியதாகவும் தோல் மெல்லியதாகவும் இருந்தால் குறையும். இது பொதுவான கணக்கு. ஆனால் நிறத்தை மட்டும் பார்த்து ஒயினின் வலிமையை முடிவு செய்யக்கூடாது. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் பலரும் இடறுகிற இடம் இதுதான்: வெளிறிய நிறத்தில் இருந்துகொண்டே வாயை இறுக்கிப் பிடிக்கிற ரகமும் உண்டு, கருமையாக இருந்தும் மென்மையாக இறங்குகிற ரகமும் உண்டு.

அடுத்தது காலம். நாம் பெயர் தெரிந்து குடிக்கும் ஒயின் திராட்சைகள் கிட்டத்தட்ட எல்லாமே வைட்டிஸ் வினிஃபெரா என்ற ஒரே இனத்தைச் சேர்ந்தவை. அவை நன்றாக வளர்வது இரண்டு அரைக்கோளங்களிலும் ஏறத்தாழ 30 முதல் 50 பாகை அகலக்கோட்டுக்குள். அந்தப் பட்டைக்குள்ளும் எல்லா ரகமும் எல்லா இடத்திலும் சரிப்படாது. பழத்துக்குள் சர்க்கரை ஏறுவது, புளிப்பு இறங்குவது, தோலும் விதையும் முதிர்வது என்று மூன்று வேலைகள் நடக்கின்றன, மூன்றும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. வெயில் அதிகமான இடத்தில் சர்க்கரை வேகமாக ஏறி, புளிப்பு விழுந்து, டானின் மட்டும் பச்சையாகவே நின்றுவிடும், அதிலிருந்து வரும் ஒயினில் ஆல்கஹால் தூக்கலாக இருக்கும், உயிர் இருக்காது. குளிர் அதிகமான இடத்தில் பருவம் முடிந்து மழை வந்துவிடும், பழம் பழுத்திருக்காது. ஒரு ரகம் தன் பருவத்தின் கடைசி வாரங்களில்தான் பழுத்து முடிக்க வேண்டும், அதற்கு முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது. அப்படி அமைகிற இடங்களில்தான் அந்த ரகத்தின் மிகச் சிறந்த ஒயின் வருகிறது. சொல்லப்போனால் உலகின் சிவப்பு ஒயின் வரைபடமே பழுக்கும் காலத்தின் வரைபடம்தான்.

தென்மேற்குப் பிரான்சின் போர்தோ வட்டாரத்தில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். உலகிலேயே அதிகப் பரப்பில் நடப்பட்டிருக்கும் ஒயின் திராட்சை கேபர்னே சோவின்யான். சின்னப் பழம், தடித்த தோல், சாற்றின் அளவுக்கு விதை அதிகம், துளிர்ப்பதும் தாமதம், பழுப்பதும் தாமதம். இடைவிடாமல் கடல்காற்று அடிக்கிற, ஈரமான போர்தோவில் இது பழுப்பதே ஒரு பந்தயம். ஜிரோந் ஆற்றுக்கு இடது கரையில், மெடாக் பகுதியில், இந்தப் பந்தயத்தில் ஜெயிக்க வைப்பது சரளைக்கல் நிலம். மழைத்தண்ணீர் வடிந்துவிடுகிறது, பகலில் வாங்கிய வெப்பத்தைக் கற்கள் வைத்திருந்து பிறகு வெளியே விடுகின்றன, கொடிக்குத் தேவையான கடைசிச் சூடு அங்கிருந்து கிடைக்கிறது. அந்தச் சூடு கிடைக்காத ஆண்டுகளில் கேபர்னே ஒயினில் குடைமிளகாய் வாசனை தூக்கலாக வரும். அதற்குக் காரணம் பைரசின் என்ற சேர்மங்கள், பழம் முதிர்ந்து வெயில் படப்பட அவை குறைந்துவிடும்.

வலது கரைக்கு வந்தால், பொமெரோல், செயின்ட் எமிலியோன் பக்கம், களிமண் அதிகம். களிமண் ஈரத்தைப் பிடித்துவைத்துக் குளிர்ச்சியாக இருக்கும், கேபர்னே சோவின்யானுக்கு அது ஒத்துவராது. அங்கே ஆட்சி மெர்லோவுக்கு. மெர்லோ ஓரிரண்டு வாரம் முன்னதாகவே பழுத்துவிடும், பழம் கொஞ்சம் பெரியது, தோல் மெல்லியது, துவர்ப்பு மென்மை, பிளம் பழச் சுவை முன்னால் வரும். மெர்லோ என்றாலே சாதுவான, சும்மா குடிக்கிற ஒயின் என்று ஒரு பேச்சு உண்டு, அதில் எனக்குச் சம்மதமில்லை. பொமெரோலின் நீலக் களிமண்ணில் வளரும் மெர்லோ பல பத்தாண்டுகள் தாங்கக்கூடிய ஒயினைத் தருகிறது. சரியான மண் கிடைக்காத இடத்தில் அதிக விளைச்சலுக்காக நட்டதுதான் அந்தப் பெயர் கெட்டதற்குக் காரணம்.

இந்தக் குடும்பத்தின் மூத்தவர் கேபர்னே ஃப்ராங்க். 1997-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் காரல் மெரிடித்தும் ஜான் பவர்ஸும் மரபணுச் சோதனை மூலம் ஒன்றை வெளியிட்டார்கள்: கேபர்னே சோவின்யான் என்பது கேபர்னே ஃப்ராங்க்குக்கும் சோவின்யான் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சைக்கும் பிறந்த பிள்ளை. யாரும் திட்டமிட்டுச் செய்த கலப்பு அல்ல, தோட்டத்தில் தானாக நடந்தது. மெர்லோவுக்கும் ஒரு பெற்றோர் கேபர்னே ஃப்ராங்க்தான், பின்னால் வரப்போகும் கார்மெனேர் என்ற ரகத்துக்கும் அப்படித்தான். பெற்றோர் மட்டும் பிள்ளைகள் அளவுக்குப் புகழ் பெறவில்லை. கேபர்னே சோவின்யானைவிடச் சற்று முன்னதாகப் பழுக்கும் என்பதால் இன்னும் வடக்கே, லுவார் பள்ளத்தாக்கின் ஷினோன் பகுதியில் தனியாகவே ஒயின் ஆகிறது, வாயில் கனமில்லாத மெல்லிய உடம்பு, சிவப்புப் பழ வாசனை, கூடவே கொஞ்சம் பச்சிலை வாசம்.

கேபர்னே சோவின்யானை உலகம் முழுக்க நடுகிறார்கள், காரணம் எளிது. தோல் தடிப்பு, அழுகல் அவ்வளவாக வராது, தாமதமாகத் துளிர்ப்பதால் வசந்த காலத்து உறைபனியில் தப்பிவிடும், போன இடத்திலெல்லாம் தன் முகத்தை மாற்றிக்கொள்ளாது. கலிபோர்னியாவின் நாபா, சிலியின் மைபோ, ஆஸ்திரேலியாவில் சுண்ணாம்புப்பாறை மேல் செம்மண் படிந்த கூனவாரா என்று வெயில் தாராளமாக உள்ள இடங்களில் போர்தோவின் பந்தயப் பதற்றம் இல்லாமல் பழுக்கிறது. 1976-இல் பாரிசில் கண்ணை மூடிக்கொண்டு சுவைக்கிற மாதிரி, பெயர்களை மறைத்து நடத்திய போட்டியில் ஸ்டாக்ஸ் லீப் வைன் செல்லர்ஸின் 1973 நாபா கேபர்னே போர்தோவின் பெரிய பெயர்களைத் தாண்டி முதலிடம் வாங்கியது. நல்ல சிவப்பு ஒயின் பிரான்சில் மட்டும்தான் வரும் என்ற எண்ணம் அன்றைக்குத்தான் ஆட்டம் கண்டது.

இதற்கு நேர் எதிர் பினோ நுவார். மெல்லிய தோல், சீக்கிரம் துளிர்க்கும், சீக்கிரம் பழுக்கும், அதனால் உறைபனியிலும் மாட்டும், மழை வந்தால் அழுகலிலும் மாட்டும். வெப்பம் கூடினால் பழம் அவசரமாகப் பழுத்து வாசனையெல்லாம் போய் வெறும் ஜாம் மாதிரி ஆகிவிடும். இதற்குக் குளிர்ச்சியான, நீளமான, மெதுவான பருவம் வேண்டும். கிழக்குப் பிரான்சில் பர்கண்டியின் கோட் டோர் என்ற சுண்ணாம்புச் சரிவு, நீளம் சுமார் 50 கிலோமீட்டர்தான், பினோவுக்கு அதுதான் வீடு. 1395-இலேயே பர்கண்டிக் கோமகன் துணிச்சல்கார பிலிப், நிறைய காய்க்கும் காமே என்ற ரகத்தைப் பிடுங்கியெறியச் சொல்லி ஆணை போட்டார், பினோவின் தரத்தைக் காப்பாற்றுவதற்காக. காமே தெற்கே போஜோலேயின் கருங்கல் மண்ணில் போய் நிலைத்தது, அங்கே அதற்கு நல்ல காலம்தான். விஷயம் என்னவென்றால் காமேயும் பினோவின் பிள்ளையே, இன்னொரு பெற்றோர் குவே பிளாங்க் என்ற, யாரும் பெரிதாக மதிக்காத வெள்ளைத் திராட்சை. ஷார்டனேவும் இதே ஜோடிக்குப் பிறந்ததுதான்.

பினோவிடம் என்னை ஈர்ப்பது அது நிலத்தை வெளிக்காட்டும் விதம். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு துண்டு நிலங்களில் ஒரே ஆள், ஒரே முறையில் செய்த பினோ வேறு வேறாக இருக்கும். பர்கண்டியில் நிலத்தை ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறு துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருப்பதற்கும், அந்தப் பிரிவினையை 2015-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றதற்கும் அடியில் இந்த ரகத்தின் நுணுக்கமான உடம்புதான் இருக்கிறது. வெளியே இது நன்றாக வந்த இடங்கள் கொஞ்சம்தான்: ஒரேகானின் வில்லமெட் பள்ளத்தாக்கு, நியூசிலாந்தின் சென்ட்ரல் ஒடாகோ, ஜெர்மனியின் பாடன், அப்புறம் கடல் மூடுபனி உள்ளே வருகிற கலிபோர்னியக் கடற்கரைப் பகுதிகள். வில்லமெட் 45 பாகை வடக்கு, ஒடாகோ 45 பாகை தெற்கு. எல்லாமே குளிர்ந்த இடங்கள்.

வெளிறிய நிறத்தில் ஏமாற்றும் ரகம் என்று சொன்னேனே, அது நெபியோலோ. இத்தாலியின் பியெமோந்தேயில், பரோலோ, பார்பரெஸ்கோ குன்றுகளில் வளர்கிறது. கண்ணாடிக் கோப்பையில் ஊற்றினால் பினோ மாதிரித்தான் வெளிர் சிவப்பாகத் தெரியும், சில ஆண்டுகளில் ஓரத்தில் செங்கல் நிறம் வந்துவிடும். வாயில் வைத்தால் டானினும் புளிப்பும் இரண்டு பக்கமும் இழுக்கும். தோலில் இருக்கும் நிறமிகள் சீக்கிரம் நிலைகுலைந்துவிடும் வகை, டானின் மட்டும் அப்படியே நிற்கிறது. அந்தக் கடுமைக்குள்ளே ரோஜாவும் சாலை போடும் தாரும் செர்ரியும் கலந்த ஒரு வாசனை இருக்கிறது, வேறெந்தச் சிவப்பு ரகத்திலும் அப்படி ஒன்றை நான் கண்டதில்லை. பரோலோ விற்பனைக்கு வருவதற்கு முன் குறைந்தது 38 மாதம் காத்திருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, அதில் 18 மாதம் மரப்பீப்பாயில்.

நெபியோலோவின் காலக் கணக்கு கொடுமையானது. வட்டாரத்தில் முதலில் துளிர்ப்பதும் இதுதான், கடைசியில் பழுப்பதும் இதுதான், அறுவடை அக்டோபர் பிற்பகுதி வரை போகும், குன்றுகளைச் சுற்றி மூடுபனி இறங்கும் வேளை. அதனால் தெற்கு, தென்மேற்கு பார்த்த வெயில் சரிவுகளை மட்டும் இதற்கு ஒதுக்குகிறார்கள், மற்ற சரிவுகளில் முன்னதாகப் பழுக்கும் பார்பெராவும் டோல்செட்டோவும் வளர்கின்றன. வேறு நாடுகளில் எத்தனையோ பேர் முயன்றும் நெபியோலோ பியெமோந்தேயையும் அதன் சுற்றுப்புறத்தையும் விட்டுப் பெரிதாக நகரவில்லை. எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளும் கேபர்னேயைவிட இந்தப் பிடிவாதக்காரர்தான் எனக்கு நெருக்கம்.

இத்தாலியின் இன்னொரு பெரிய ரகம் சாஞ்சியோவேசே, டஸ்கனி முழுக்க இருக்கிறது. புளிப்பு தூக்கல், துவர்ப்பு நடுத்தரத்துக்கு மேல், புளித்த செர்ரி, காய்ந்த மூலிகை வாசனை. கியாந்தி கிளாசிகோவில் குறைந்தது 80 சதவீதம் இது இருக்க வேண்டும், புருனெல்லோ டி மொந்தால்சினோவில் 100 சதவீதமும் இதுதான். உள்ரகங்கள் ஏராளம் என்பதால் எந்தச் செடியை எடுத்து நட்டார்கள் என்பதைப் பொறுத்து ஒயின் மிகவும் மாறும்.

வெயில் பக்கம் போகலாம். சிராவின் பூர்வீகம் பிரான்சின் வடக்கு ரோன் பகுதி, எர்மிதாஜ், கோட் ரோட்டி போன்ற செங்குத்துச் சரிவுகள். கருமையான நிறம், கறுப்புப் பழங்கள், அதோடு அசல் மிளகு வாசனை. மிளகு என்பது இங்கே வர்ணனைக்காகச் சொல்வதில்லை, மிளகில் இருக்கும் ரோட்டண்டோன் என்ற அதே சேர்மம் சிராவின் தோலிலும் இருக்கிறது. 2008-இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் இதைக் கண்டறிந்தபோது, சோதனையில் கலந்துகொண்டவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு அதிக அளவில் இருந்தும் அந்த வாசனை தெரியவே இல்லை. ஆகவே ஒரு சிராவில் மிளகு இருக்கிறது, இல்லை என்று இரண்டு பேர் சண்டை போட்டால் இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம்.

ரோட்டண்டோன் குளிர்ந்த இடங்களில் அதிகமாகவும் சூடான இடங்களில் குறைவாகவும் சேர்கிறது. ரோனுக்கும் ஆஸ்திரேலியாவின் பரோசாவுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பங்கு இது. 1832-இல் ஜேம்ஸ் பஸ்பி ஐரோப்பாவிலிருந்து கொண்டுபோன நாற்றுகளோடு சிரா அங்கே போய் ஷிராஸ் ஆனது, வெயிலில் உடம்பு பெருத்து, சாக்லெட்டும் முதிர்ந்த கறுப்புப் பழமுமாக மாறியது. 1843-இல் நட்ட கொடிகள் பரோசாவில் இன்றும் காய்க்கின்றன, பிரான்சில்கூட அவ்வளவு பழைய சிராவைப் பார்ப்பது அரிது. அதற்குக் காரணம் ஒரு பூச்சி.

ஃபிலாக்செரா என்ற அந்தச் சின்னப் பூச்சி வட அமெரிக்காவிலிருந்து வந்து 1860-களில் தொடங்கி பிரான்சின் தோட்டங்களை வேரிலிருந்து தின்று அழித்தது. மருந்து எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடிகளின் வேர்மேல் ஐரோப்பிய ரகங்களை ஒட்டுக்கட்டித்தான் மீண்டார்கள், இன்றைக்கும் உலகின் பெரும்பாலான தோட்டங்கள் அப்படித்தான் நிற்கின்றன. தெற்கு ஆஸ்திரேலியாவுக்கும் சிலிக்கும் அந்தப் பூச்சி வரவில்லை. திரும்ப நடும்போது பிரான்சில் விவசாயிகள் சிரமம் தராத ரகங்களையே தேர்ந்தெடுத்தார்கள், பழைய ரகங்கள் பல அங்கேயே கைவிடப்பட்டன. சில ரகங்களின் இன்றைய முகவரி மாறிப்போனதற்கு இதுதான் வேர்.

கார்மெனேர் அப்படிப்பட்டது. போர்தோவில் ஒரு காலத்தில் இருந்தது, சரியாகக் காய்ப்பிடிக்காது, மிகத் தாமதமாகப் பழுக்கும், பூச்சிக்குப் பிறகு யாரும் திரும்ப நடவில்லை. அதற்குள் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அதன் குச்சிகள் மெர்லோவோடு கலந்து சிலிக்குப் போய்விட்டிருந்தன. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே அதை மெர்லோ என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள், இந்த மெர்லோ ஏன் இவ்வளவு தாமதமாகப் பழுக்கிறது என்ற குழப்பத்தோடு. 1994-இல் ழான் மிஷேல் புர்சிகோ என்ற பிரெஞ்சு நிபுணர் தோட்டத்தில் கொடியைப் பார்த்து இது கார்மெனேர் என்று அடையாளம் சொன்னார். மெர்லோவோடு சேர்த்து அறுத்ததால் பச்சைக் குடைமிளகாய் வாசனை அடித்த அந்தப் பழம், தனியாகப் பிரித்துச் சில வாரம் கழித்து அறுத்ததும் ஆளே மாறிவிட்டது. காலம் என்று நான் ஆரம்பத்திலிருந்து சொல்வதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டாம்.

மால்பெக்கின் பாதையும் இதே மாதிரி. தென்மேற்குப் பிரான்சின் கஹோரில் இன்னும் இருக்கிறது, போர்தோவில் இருந்தது 1956 உறைபனியில் பெரும்பாலும் செத்துப்போனது. மிஷேல் புஷே 1853-இல் அர்ஜென்டினாவுக்குக் கொண்டுபோன கொடிகள்தான் இன்றைக்கு அதன் பெயரைக் காப்பாற்றுகின்றன. அங்கே அவற்றின் வீடு மெண்டோசா, பாலைவனம் போன்ற இடம், ஆண்டீஸ் மலையின் பனி உருகி வரும் தண்ணீரில்தான் விவசாயம். அங்குள்ள ஊகோ பள்ளத்தாக்கில் தோட்டங்கள் 900 மீட்டருக்கு மேல் தொடங்கி 1,500 மீட்டர் வரை ஏறுகின்றன. அந்த உயரத்தில் பகலில் கடுமையான வெயில், புற ஊதாக் கதிருக்குத் தோல் தடித்து நிறம் ஏறும், இரவில் குளிர் இறங்கிப் புளிப்பைக் காப்பாற்றும். கஹோரின் கரடுமுரடான துவர்ப்பு போய், ஊதா நிறத்தில் வழவழப்பான ஒயின் வந்தது இப்படித்தான். ஸ்பெயினின் டெம்ப்ரனியோவுக்கும் இந்த உயரக் கணக்கு பொருந்தும். தோல் தடிப்பு, சீக்கிரம் பழுக்கும், இயல்பிலேயே புளிப்பு குறைவு. ரிபேரா டெல் டுவேரோவில் 700 மீட்டருக்கு மேலுள்ள மேட்டு நிலத்தின் குளிர்ந்த இரவுகள்தான் அந்தக் குறையை ஈடுகட்டுகின்றன.

டானா என்ற ரகத்தின் துவர்ப்பு அளவுக்கு மீறியது, பிரான்சின் மதிரான் பகுதியில் அதை அடக்குவதற்காகவே ஒயினுக்குள் சிறிது சிறிதாக ஆக்சிஜன் செலுத்தும் முறையை 1990-களில் உருவாக்கினார்கள். உருகுவேயின் ஈரமான, மிதமான காலநிலையில் அதுவே இன்னும் பணிவாக வருகிறது. கலிபோர்னியாக்காரர்கள் தங்கள் சொந்தப் பிள்ளையாகவே கொண்டாடிய ஜின்ஃபண்டெல் என்ன ஆனது தெரியுமா? அதுவும் தெற்கு இத்தாலியின் பிரிமிடிவோவும் ஒன்றுதான் என்பது முதலில் தெரிந்தது, பிறகு 2001-இல் குரோவேஷியக் கடற்கரையில் ஒரு பழைய தோட்டத்தில் எஞ்சியிருந்த சில கொடிகளும் அதுவே என்று மரபணுச் சோதனையில் உறுதியானது. ஒரே குலையில் சில பழம் காய்ந்து, சில பழம் காயாகவே இருக்கும் ரகம் இது, எப்போது அறுப்பது என்று முடிவெடுப்பதுதான் இதில் பெரிய திறமை.

கடுமையான வெயிலுக்கும் வறட்சிக்கும் பிறந்தது கிரெனாஷ். தாமதமாகப் பழுக்கும், தோல் மெல்லியது, நிறம் குறைவு, ஆனால் சர்க்கரை ஏறிக்கொண்டே போகும், 15 சதவீத ஆல்கஹால் இதற்குச் சாதாரணம். தண்டு தடிப்பு என்பதால் பந்தல், கம்பி எதுவும் இல்லாமல் புதர் மாதிரி நின்று தெற்கு ரோனின் மிஸ்ட்ரால் காற்றைத் தாங்கும். ஷாத்தோநஃப் டு பாப்பிலும், ஸ்பெயினின் பிரியோராட் கற்பலகை மண்ணிலும் இதன் உச்சம். அதோடு சேரும் மூர்வேத்ருக்குச் சூடு இன்னும் அதிகம் வேண்டும், மத்தியதரைக் கடலோரம் பாந்தோல் மாதிரி இடங்களைத் தாண்டினால் பிரான்சில் அது பழுக்கத் திணறும்.

கடைசியாக, இந்த வரைபடம் இப்போது நகர்ந்துகொண்டிருக்கிறது. வெப்பம் கூடக்கூட எல்லா இடத்திலும் அறுவடை முன்னால் வருகிறது. முன்பு செப்டம்பர் கடைசியில், அக்டோபரில் குளிர்ந்த காற்றில் பழுத்து முடித்த பழம் இப்போது வெயில் நேரத்திலேயே பழுத்துவிடுகிறது. போர்தோவில் இதில் முதலில் அடிபடுவது மெர்லோ, அங்கே அதிகம் நடப்பட்டிருக்கும் சிவப்பு ரகமும் அதுதான். முன்னதாகப் பழுப்பது நூறு ஆண்டுகளுக்கு முன் அதன் பலமாக இருந்தது, இப்போது அதுவே ஆல்கஹால் ஏறவும் புளிப்பு இறங்கவும் காரணமாகிறது. இதனால் 2021-இல் போர்தோவில் நான்கு புதிய சிவப்பு ரகங்களுக்கு அனுமதி கிடைத்தது. போர்ச்சுகலின் டோரோவில் போர்ட் ஒயினுக்குப் பேர்போன டூரிகா நாசியோனல், கேபர்னே சோவின்யானையும் கிரெனாஷையும் 1961-இல் சேர்த்து உருவாக்கிய மார்சலான், அரினார்னோவா, தென்மேற்குப் பிரான்சில் மறக்கப்பட்டுக் கிடந்த காஸ்டெட்ஸ். தோட்டப் பரப்பில் 5 சதவீதத்துக்கு மேல் நடக்கூடாது, கலவையில் 10 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக்கூடாது என்று வரம்பும் வைத்திருக்கிறார்கள். எச்சரிக்கையான தொடக்கம், அது சரியென்றே நினைக்கிறேன். ஒரு கொடி உருப்படியான காய்ப்புக்கு வர மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும், அதன்பின் முப்பது நாற்பது ஆண்டு அதே இடத்தில் நிற்கும், அதனால் இன்று நடுகிறவர் 2050-இன் வெயிலுக்கும் சேர்த்துத்தான் ரகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.